தலைக்கணக்கு

அக்கினி தீர்த்தத்துப் படியில் ஈர வேட்டியோடு நின்று போர்மேன் கோட்டைச்சாமி ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி எண்ணினார். கடலில் முங்கி எழுந்த பெண்கள் சேலையைப் பிழியக்கூட விடாமல் வரிசையில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். எண்ணி முடிக்கும்வரை யாரும் நகரக் கூடாதாம்.

"நாப்பத்தொண்ணு. சரி, கைடு பின்னாலயே போங்க. ஆளு ஒண்ணு கொறைஞ்சாலும் மொதலாளிக்கு நாந்தான் பதில் சொல்லணும்."

கைடு சங்கரலிங்கம் கம்பில் மஞ்சள் துணியைக் கட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் பின்னால் போனார்கள். கம்பெனி செலவில் சுற்றுலா என்பதை அவர்களில் பலர் இன்னும் நம்பவில்லை. தீபாவளி சீசனிலேயே ஒரு மிட்டாய்ப் பொட்டலத்துக்கு மேல் கையை நீட்டாத கம்பெனி அது.

பாண்டிச்செல்விக்கு நின்ற இடத்தில் கால் தரிக்கவில்லை. அவள் புருஷன் முனியராஜ் கையும் முகமும் வெந்து வீட்டில் கிடந்தான். மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். மருந்து கலக்கும் அறையில் நாலு பேர்தான் இருக்கலாம் என்பது சட்டம். ஆர்டர் அவசரத்தில் எட்டுப் பேரை உள்ளே தள்ளியிருந்தார்கள். முழங்கையோடு முழங்கை இடிக்க வேலை பார்த்ததில் மருந்துத் தட்டு உரசிப் பிடித்துக்கொண்டது. கணக்கில் இருந்தவர்களில் முனியராஜைத் தவிர மூன்று பேரும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். கணக்கில் இல்லாத நாலு பேரையும், வீட்டில் ஸ்டவ் வெடித்தது என்று சொல்லி மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தது கம்பெனி. அறையில் இருந்தது நாலே பேர், முனியராஜ் பீடி பற்றவைத்ததால் வந்த வினை என்று போலீசில் எழுதியும் கொடுத்துவிட்டது. முனியராஜ் பீடியைக் கையால் தொட்டவனில்லை.

எட்டுப் பேர் உள்ளே போனதை, பக்கத்து ஷெட்டில் சரவெடி பின்னிக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் பார்த்தார்கள். "பொண்டாட்டி சொல்லு மட்டும் எடுபடாதும்மா. கூட வேலை பாத்தவங்களும் வந்து சொல்லணும். வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் விபத்தைப் பார்க்க வந்த அதிகாரி. வியாழக்கிழமை கோட்டைச்சாமி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"விசாரணைய திங்கக்கெழமைக்கு மாத்திட்டாக தாயி. அதுக்குள்ள ராமேஸ்வரம் போய் தீர்த்தமாடிட்டு வந்துருவோம். ஒம் புருசனுக்கும் நல்லது."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் அவள் பஸ் ஏறினாள்.

கோயிலுக்குள் கிணற்றுக்குக் கிணறு நடந்தார்கள். கிணற்று மேட்டில் நின்றவர்கள் வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றினார்கள். ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு கதை சொன்னார் சங்கரலிங்கம். பாண்டிச்செல்வி எதையும் காதில் வாங்காமல், எல்லாக் கிணற்றிலும் புருஷனின் கைக்காக மட்டும் வேண்டிக்கொண்டாள். பிராகாரத்தில் யாரோ கற்பூரம் ஏற்றத் தீக்குச்சியைக் கிழித்தார்கள். வரிசை முழுவதும் சிதறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"கற்பூரந்தாம்மா" என்று சிரித்தார் சங்கரலிங்கம். கூடச் சிரிக்க ஆளில்லை.

சேலை மாற்றி இட்லி சாப்பிட்டதும், கடை வாசலில் இருந்த ஒரு ரூபாய் போனில் பாண்டிச்செல்வி காசு போட்டாள். அவள் வீட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் மூக்கம்மாள்தான் எடுத்தாள்.

"ஏ செல்வி, எங்கடி போய்க் கெடக்க? ஆபீசருக ரெண்டு ஜீப்புல வந்து நிக்காக. கம்பெனில ஒரு ஈ காக்கா இல்ல, எல்லாம் லீவுன்னு வாச்மேன் சொல்லுதானாம். மூணு மணி வரைக்கும் பாப்பாகளாம். அதுக்குள்ள யாரும் வரலன்னா, சாட்சி இல்லன்னு முடிச்சிட்டுப் போயிருவாகளாம். ஒம் புருசன் வேற எந்திரிச்சு வாரேன்னு நிக்கான்..."

காசு தீர்ந்து போன் அறுந்தது.

அவள் ஓடிப்போய் கோட்டைச்சாமியின் முன்னால் நின்றாள். "அண்ணே, விசாரணை இன்னைக்குத்தானாம்ல?"

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அப்பிடியா? எனக்கே தெரியாதே. இரு கேப்போம்." செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றார். அந்தப் பக்கம் யாராவது பேசினார்களா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். "சரி, தனுஷ்கோடிய ஒரு எட்டு பாத்துட்டு நேரா ஊருதான். ரெண்டு மணிக்கெல்லாம் தாயில்பட்டில எறக்கி விட்டுருதேன்."

இருட்டில் தூங்கிக்கொண்டே வந்தவளுக்குத் தூரம் எம்புட்டு என்று தெரியவில்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. மெதுவாகச் சங்கரலிங்கத்திடம் போய் ஊருக்கு வழி கேட்டாள். அந்தத் திருப்பத்தில் டவுன் பஸ் நிற்கும், பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் மதுரை பஸ் இருக்கும் என்றார் அவர். பாண்டிச்செல்வி, பக்கத்தில் நின்ற சின்னத்தாயின் கையைப் பிடித்தாள்.

"யக்கா, நீயும் சண்முகத்தாயும் வந்தாப் போதும். இப்பமே போயிருவோம்."

சின்னத்தாய் கோட்டைச்சாமியைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். "வாரேன்டி, ஆனா..." என்று அவள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் வந்த கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

தாயில்பட்டியில் காலையில் கம்பெனி வேன் அடிக்கும் அதே மாதிரி, இரண்டு குட்டை, ஒரு நீளம். அந்த நீளம் முடிவதற்குள் ஏறாதவளுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. வருஷக்கணக்காக அதைக் கேட்டு ஓடிய கால்கள் ஓடின. முட்டி மோதிக்கொண்டு ஏறிய கூட்டத்தில் சின்னத்தாயும் ஏறினாள். கதவு மூடியபோது பாண்டிச்செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எப்போது ஏறினோம் என்று நினைத்து அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

தார்ச் சாலை முடிந்த இடத்தில் பஸ் நின்றது. அதற்கு மேல் மணலில் ஓடும் வாடகை வேன்கள். இடிந்த சர்ச்சுக்குப் பக்கத்தில் அவர்களை இறக்கிவிட்டு வேன்கள் திரும்பின.

"எப்பண்ணே வருவீக?" என்று வேன் டிரைவரிடம் கேட்டாள் பாண்டிச்செல்வி.

"சாயங்காலந்தாம்மா வரச் சொல்லிருக்காக."

இரண்டு பக்கமும் கடல். நடுவில் மணலும் மொட்டைச் சுவர்களும். மஞ்சள் துணியைத் தூக்கிப் பிடித்து, ரயில் நிலையம் இருந்த இடத்தைக் காட்டினார் சங்கரலிங்கம். புயலடித்த ராத்திரியில் ஒரு ரயிலே கடலுக்குள் போன கதையைச் சொன்னார்.

"டிக்கெட்டு எடுத்தவுக எத்தன பேருன்னு கணக்கு இருக்கும்மா. எடுக்காம ஏறுனவுக எம்புட்டுப் பேருன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நம்ம ரூமு மாதிரி" என்றாள் சின்னத்தாய். குரல் தாழ்ந்திருந்தாலும் எல்லாருக்கும் கேட்டது.

"கதையெல்லாம் போதும் கைடு, நடங்க" என்று அதட்டினார் கோட்டைச்சாமி.

பாண்டிச்செல்வி வந்த வழியே திரும்பி நடக்க ஆரம்பித்தாள். டயர் தடம் பதிந்த மணலில் கால் கணுக்கால்வரை புதைந்தது. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் மூச்சிரைப்பு கேட்டது. சின்னத்தாய் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சண்முகத்தாய்.

"எட்டுப் பேருன்னு நான் சொல்லுதேன்டி. வேலைக்கு வேண்டாம்னா போறான்" என்றாள் சின்னத்தாய்.

மூன்று பேரும் சேர்ந்து நடந்தார்கள். உச்சி வெயில் சாய ஆரம்பித்திருந்தது. தார்ச் சாலை கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில், யாரையோ ஏற்றிவந்த வேன் ஒன்றை மறித்து ஏறிக்கொண்டு கோட்டைச்சாமி வந்து சேர்ந்தார். அவர் திட்டவில்லை. "மணி ரெண்டரை ஆச்சு தாயி" என்று மட்டும் சொன்னார். பாண்டிச்செல்வி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். கைத்தாங்கலாகத் தூக்கி வேனில் ஏற்றினார்கள்.

சர்ச்சு நிழலில் எல்லாரையும் மறுபடியும் வரிசையாக நிறுத்தினார் கோட்டைச்சாமி. எண்ணி முடித்தபோது ஒன்று குறைந்தது. அவர் முகம் வெளிறிப்போயிற்று. கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, இந்தத் தடவை ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். ஒருத்தியையும் தாண்டவில்லை, அவசரப்படவில்லை. கடைசியில் பாண்டிச்செல்வியின் தலைமேல் கை நின்றது.

"நாப்பத்தொண்ணு."

அந்தக் கையை எடுக்காமலே மற்றக் கையால் செல்போனைக் காதுக்குக் கொண்டுபோனார்.

"மொதலாளி, எல்லாரும் இருக்காக. ஒரு ஆளுகூடக் கொறையல."