பரீதாவின் படிவத்தில் மூன்றாம் கேள்வி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பிரிக்பீல்ட்ஸில், ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த செசிலியா, அறுபத்தெட்டு வயது, ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர், "நீங்க கதை எழுதுற ஆளுதானே?" என்று ஆரம்பித்தார். நான் தலையாட்டியிருக்கக் கூடாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நீச்சலுக்கு வயது ஏது என்று சிரித்தபடி செசிலியா...' (வேண்டாம். நாட்காட்டியில் அச்சடிக்கிற வாக்கியம்.)

2

நடந்தது இது. கணவர் ரபேல் இறந்த மறுவருடம் செசிலியா ஷா ஆலமில் பெண்களுக்கான நீச்சல் வகுப்பில் சேர்ந்தார். அங்கேதான் பரீதா. கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்தவர், அறுபத்தாறு வயது, தலை முதல் கணுக்கால்வரை மூடிய நீச்சலுடை. இருவருமே அதுவரை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. முதன்முதலாக மிதந்த அன்று பரீதா சத்தம் போட்டு அழுதாராம். எட்டே மாதத்தில் ஏரியில் ஐந்நூறு மீட்டர் போட்டிக்குப் பெயர் கொடுக்கத் துணிந்தார்கள்.

3

படிவத்தில் மூன்றாம் கேள்வி: நெஞ்சு வலி உண்டா?

"மாடி ஏறினா லேசா பிடிக்குது அக்கா. டாக்டரைப் பார்த்துட்டு எழுதவா?"

"அவரு வேணாம்னுதான் சொல்லுவாரு. நம்ம வயசுல யாருக்குத்தான் பிடிக்கல? இங்க கொடு லா."

'இல்லை' என்ற கட்டத்தில் செசிலியாவே கோடு போட்டார்.

(இந்த இடத்தில் அவரைக் கொஞ்சம் நல்லவராக்கப் பார்த்தேன். பரீதாவே கோடு போடுவதாக எழுதினேன். கதை ஒழுங்காக ஓடியது, பொய்யாக.)

4

போட்டியன்று காலை எட்டரை. பாதி தூரத்தில் பின்னாலிருந்து "அக்கா!" என்று ஒரு குரல். உற்சாகத்தில் கூப்பிடுவதாக நினைத்தேன் என்றார் செசிலியா. பிறகு, அப்படி நினைக்க விரும்பினேன் என்றார். நீந்தி முடித்தார். கழுத்தில் பதக்கம் விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். மீட்புப் படகு பரீதாவைக் கரைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தது. உயிர் இல்லை.

5

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பரீதாவின் மகள் ஷைமா வந்தாள்.

"ஆன்டி, நெஞ்சு வலின்னு உம்மா ஏதாச்சும் சொன்னாங்களா? போட்டிக்குக் கொடுத்த பாரத்துல 'இல்லை'ன்னு போட்டிருக்கு. எங்ககிட்ட மறைச்சிட்டாங்களா?"

ஒரு வரைவில் செசிலியா உண்மையைச் சொல்கிறார், ஷைமா அறைகிறாள். இன்னொன்றில் மன்னிக்கிறாள். இரண்டையும் கிழித்தேன். செசிலியா உண்மையில் சொன்னது:

"என்கிட்ட ஒண்ணும் சொல்லல மா."

தாய் தன்னை ஏமாற்றிவிட்டதாக நம்பி ஷைமா எழுந்து போனாள். அந்தக் கோபம் இன்றுவரை ஆறவில்லை என்று கேள்வி.

6

செசிலியா இன்னும் நீந்துகிறார். போன மாதம் ஒரு கிலோமீட்டர். அதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததை எழுதாமல் விடப் பார்த்தேன்.

"கதையைப் போடுங்க. என்னால அவகிட்ட நேர்ல சொல்ல முடியல," என்றார். மறுநாளே போன் செய்து, "வேணாம், போடாதீங்க," என்றார்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஷைமாவுக்கு அதெல்லாம் ஒரு தடையில்லை, தமிழ் படிப்பவள். இது உங்கள் கைக்கு வந்துவிட்டது என்றால் நான் செசிலியாவின் ஒரு பேச்சை மீறிவிட்டேன். இனி, கிள்ளானில் தாயின் மேல் கோபமாக இருக்கும் ஒருத்தியை உங்களுக்குத் தெரியும் என்றால், இந்தப் பக்கத்தை அவளிடம் நீட்டுவதா, மடித்து வைப்பதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.