பின்னால் போகும் லோடர்

ஒரே மாதிரி இரண்டு பெட்டிகளை அவன் மேஜைமேல் வைத்ததும் கடைக்காரர் கேட்டார்: "வீட்ல ரெட்டைப் பிள்ளைங்களா?"

"இல்லைங்க. ஒண்ணு பொண்ணுக்கு, ஒண்ணு எனக்கு."

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். காதோரம் நரைத்த ஆள், நகக்கண்ணெல்லாம் கிரீஸ், பொம்மை வண்டி வாங்கி விளையாடப் போகிறாராம். அந்தப் பார்வையில் அவனுக்குக் கூச்சமாகிவிட்டது. பெட்டிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு விடுவிடுவென்று வெளியே வந்துவிட்டான்.

அவனுக்கு மூளை கலங்கிவிடவில்லை. மண் அள்ளும் பெரிய லோடர்களைப் பழுது பார்ப்பது அவன் பிழைப்பு. பிழைப்பு ஓரிடம், வீடு எங்கேயோ தூரத்தில். பெண்டாட்டியையும் மகளையும் வருஷத்துக்கு ஒருமுறை நேரில் பார்ப்பான். மற்ற நாளெல்லாம் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து கைகால் கழுவியதும் போனில்தான் குடும்பம் நடக்கும். அதுவும் என்ன குடும்பம்!

"சாப்பிட்டியாடா கண்ணு?"

"ம்."

"ஸ்கூல்ல என்ன நடத்தினாங்க?"

"பாடம்."

பாடம் நடத்தாமல் பின்னே படமா காட்டுவார்கள்? அதற்குமேல் அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, இவனுக்குக் கேட்கவும் ஒன்றும் இல்லை. போனை அம்மாவிடம் தள்ளிவிட்டு ஓடிவிடுவாள். அம்மா முகம் வரும். "சாப்டீங்களா?" என்பாள். "ஆச்சு" என்பான். "சரி, வச்சிரட்டுமா?" "ம்." முடிந்தது. அதன்பிறகு அறை, கட்டில், சுவர், எதிர்க் கட்டிலில் வாயைப் பிளந்து தூங்கும் வெல்டர். சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பான்.

பெற்ற மகளுக்கு அப்பன் முகம் மறக்கவில்லை, அப்பனிடம் பேசுவதுதான் மறந்துகொண்டு வருகிறது என்று ஒருநாள் அவனுக்கு உறைத்தது. இப்படியே போனால் அடுத்த லீவுக்கு வாசலில் போய் நிற்கும்போது, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்று சொன்னாலும் சொல்வாள். அந்தப் பயத்தில் வாங்கியதுதான் இரண்டு பெட்டிகளும். ஒன்றை வீட்டுக்கு அனுப்பினான். இன்னொன்றைத் தன் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு, அது போய்ச் சேரட்டும் என்று பிரிக்காமல் காத்திருந்தான்.

அது போய்ச் சேர்ந்ததும் போனில் பார்த்துக்கொண்டே இருவரும் பிரித்தார்கள். உள்ளே மஞ்சள் பிளாஸ்டிக் துண்டுகள், நான்கு தடித்த சக்கரங்கள், மண் அள்ள ஒரு பக்கெட், இரண்டு குட்டி மோட்டார்கள், பேட்டரிப் பெட்டி, ஒரு பை நிறையப் பல்சக்கரங்கள். எல்லாவற்றையும் மாட்டி முடித்தால் லோடர். கூடவே படம் போட்ட புத்தகமும் இருந்தது.

"அந்தப் புத்தகத்தத் தூக்கி ஓரமா வை. அப்பா இருக்கேன்ல? நான் பண்றதப் பார்த்து அப்படியே பண்ணு" என்றான் மகளிடம்.

வம்பை விலைக்கு வாங்கியது இந்த இடத்தில்தான். பெரிய லோடரையே பிரித்து மாட்டுகிறவனுக்குப் புத்தகம் வேறு வேண்டுமா என்கிற மிதப்பு! சரி, மகள் முன்னால் கொஞ்சம் மிதக்காவிட்டால் அப்புறம் எந்த அப்பன் அப்பன்?

இங்கே போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்தான். அங்கே அவள் பாடப்புத்தகங்களை அடுக்கி அதில் சாய்த்துவைத்தாள். இருவரும் தரையில் உட்கார்ந்து சாயங்காலம் தவறாமல் வேலை பார்த்தார்கள். அவள் வீட்டு விளக்கு மூலையில் மங்கலாக எரியும். அதனால் திரையின் ஓரத்தில் டார்ச் பிடித்தபடி ஒரு கை மட்டும் எப்போதும் தெரியும். அவன் மனைவியின் கை. ஒருநாள் அதில் ஆள்காட்டி விரலுக்குத் துணி சுற்றிக் கட்டுப் போட்டிருந்தது. பார்த்தான். கேட்க வாயெடுத்தான். அதற்குள் மகள், "அப்பா, இந்தச் சின்ன பல்சக்கரம் எங்க போகும்?" என்றாள். பேச்சு அங்கே போய்விட்டது.

வண்டி முடிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் முன்னால் போகும் பட்டனை அமுக்கினார்கள். அவன் லோடர் தரையில் ஊர்ந்து கட்டில் காலில் போய் முட்டியது. அவளுடையது பின்பக்கமாக நகர்ந்து அவள் மடிக்கே வந்துவிட்டது.

"அப்பா, இது உன்னப் பார்த்து வெக்கப்படுதுப்பா!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள் மகள்.

வெல்டர் தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்தான். "ரொம்ப சிம்பிள்ணே. முன்னாடின்னு எழுதியிருக்கறத அழிச்சிட்டு பின்னாடின்னு எழுதச் சொல்லுங்க. வண்டி ரெடி" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான்.

இரு வண்டிகளுக்கும் ஒரே மோட்டார், ஒரே பேட்டரி. வயரின் முனையும் ஒரு பக்கமாகத்தான் நுழையும், தலைகீழாகச் சொருகவே முடியாது. பிறகு எப்படி? "நாளைக்குப் பாக்கலாம்டா" என்று சொல்லிவைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே தூங்கப் போனான்.

விடை மறுநாள் ஷெட்டில் கிடைத்தது. புதிதாக வந்த ஓட்டுநர் ஒருவர் லோடரை உள்ளே கொண்டுவந்தார். மெக்கானிக் எதிரே நின்று கையைக் காட்டி, ஸ்டியரிங்கை இப்படி ஒடி, இப்படி ஒடி என்றான். அவர் சரியாக எதிர்ப்பக்கம் ஒடித்து எண்ணெய் பீப்பாயைச் சாய்த்துவிட்டார்.

"யோவ்! நான் உன்னப் பார்த்து நிக்கறேன். என் கைப்பக்கம் உனக்கு மாறித்தான்யா இருக்கும்!" என்று கத்தினவன், கத்திய வாய் மூடாமல் அப்படியே நின்றுவிட்டான்.

அட மடையா! இவன் வண்டியின் மூக்கு மகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் வண்டியின் மூக்கு இவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்அச்சில் மாட்டும் பெரிய பல்சக்கரம், மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்துக்கு இடப்பக்கம் உட்கார வேண்டும். இவன் சரியாகத்தான் மாட்டினான். அவளுக்குத் திரையில் அது வலப்பக்கம் தெரிந்திருக்கிறது. அப்பன் செய்வதை அப்படியே செய் என்றால், குழந்தை அப்படியே செய்துவிட்டது. எந்தப் பக்கம் மாட்டினாலும் அது கச்சிதமாக உட்காரும், சுற்றவும் சுற்றும். ஆனால் வண்டி எதிர்த்திசையில் போகும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற அப்பனுக்கு இந்தப் பிழை ஒருநாளும் வராது.

கண்டுபிடித்த குஷியில் அவனுக்குக் காலே தரையில் நிற்கவில்லை. சாயங்காலம் எப்போது வரும் என்று இருந்தது. அறைக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. மகள்! அவளாகவே கூப்பிட்டிருந்தாள். இத்தனை காலத்தில் அவளாகக் கூப்பிட்டதாக அவனுக்கு ஞாபகமே இல்லை. ஈரக் கையோடு ஓடிவந்து எடுத்தான்.

"அப்பா, சீக்கிரம் வா. இன்னிக்கு எதக் கழட்டிப் பாக்கலாம்?"

சொல்ல வந்தது தொண்டைவரைக்கும் வந்தது. சொன்னால் ஒரு நிமிஷத்தில் வண்டி ஓடும். ஓடினால் ஓட்டுவாள். ஓட்டுவதற்கு அப்பன் எதற்கு? மறுபடி "ம்", மறுபடி "பாடம்".

"பேட்டரி ஒண்ணொண்ணா மாத்திப் பாக்கலாமாடா?" என்றான்.

சொல்லிவிட்டான், பாவி. ஒருமுறை சொன்னதும் அடுத்தது தானாக வந்தது. பேட்டரிக்கு அப்புறம் ஸ்விட்சு, ஸ்விட்சுக்கு அப்புறம் வயர், வயருக்கு அப்புறம் சக்கரத்தில் தூசி. தெரிந்த நோய்க்கு இல்லாத மருந்தெல்லாம் சொன்னான். அந்த ஒரு பல்சக்கரத்தின் பக்கம் மட்டும் போகாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். கழற்றி மாட்டும்போது அவள் வாய் சும்மா இருக்காது. ஆடுகிற பல்லைக் காட்டினாள். பக்கத்தில் உட்காருகிற தோழி இடம் மாறிப் போய்விட்டதைச் சொன்னாள். டீச்சர் தும்முவதுபோல் தும்மிக் காட்டினாள். அவன் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக எந்த வண்டியையும் பழுது பார்த்ததில்லை. போனை வைத்த பிறகு மட்டும் நெஞ்சில் ஏதோ உறுத்தும். புரண்டு படுப்பான்.

அப்புறம் ஒரு சாயங்காலம் அவன்தான் கூப்பிட வேண்டியிருந்தது. மகள் முகம் தொங்கிப்போய் வந்து உட்கார்ந்தாள். லோடர் பெட்டிக்குள் கிடந்தது.

"என்னடா, ஏன் உள்ள வச்சிட்ட?"

"வேணாம்ப்பா. மாடி வீட்டு அக்கா இதப் பார்த்து ரிவர்ஸ் கம்பெனின்னு சிரிச்சாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். நாம ரெண்டு பேரும் இன்னிக்கு அச்சக் கழட்டி..."

"உன்னோடது ஓடுதுல்ல?" அவள் குரல் உடைந்தது. "ரெண்டும் ஒரே வண்டிதான? அப்ப வண்டி மேல தப்பு இல்ல. எனக்குத்தான் கட்டத் தெரியல. நான் மக்குப்பா."

கன்னத்தில் பளாரென்று அறை விழுந்தமாதிரி இருந்தது அவனுக்கு. தன் தனிமைக்குத் துணை தேடப் போய், குழந்தையின் தலையில் மக்குப் பட்டத்தைக் கட்டி வைத்திருக்கிறான். சீ, நானெல்லாம் ஒரு அப்பனா என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"யாரு மக்கு? நான்தான்டா மக்கு" என்றான். "வண்டிய எடு. கவுத்து வை. மூக்கு உன்னப் பார்த்து இருக்கக் கூடாது, அப்பாவப் பார்த்து இருக்கட்டும். பின்னாடி அச்சுல பெரிய பல்சக்கரம் தெரியுதா? அது இப்ப உன் எந்தக் கைப்பக்கம் இருக்கு?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தாள். டார்ச் பிடித்த கை கிட்டே வந்தது. விரலில் இப்போது கட்டு இல்லை.

"இந்தக் கை."

"அத உருவி அந்தக் கைப்பக்கம் மாட்டு. நான் தப்பாக் காட்டிட்டேன். நீ நான் காட்டினத அச்சுப் பிசகாமச் செஞ்சிருக்க. வேற யாராயிருந்தாலும் இவ்வளவு சரியாச் செஞ்சிருக்க முடியாது."

அவள் நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு அச்சை உருவினாள், சக்கரத்தை மாற்றினாள், அமுக்கி மாட்டினாள். பட்டனைத் தட்டினாள். லோடர் உறுமிக்கொண்டு முன்னால் போனது. நேராகப் போய்ப் போனை இடித்தது. போன் மல்லாக்கச் சாய்ந்தது.

"அம்மா, ஓடுதும்மா! முன்னாடி போகுது! நான் போய் அக்காகிட்ட காட்டிட்டு வரேன்!"

தடதடவென்று ஓடும் காலடிச் சத்தம், கதவுச் சத்தம், மாடிப்படியில் அவள் கூச்சல். அதன்பிறகு ஒன்றும் இல்லை. திரையில் அவன் வீட்டுக் கூரையும், மெல்லச் சுற்றும் மின்விசிறியும் தெரிந்தன. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா என்று ஒரு வார்த்தை, போய்ட்டு வரேன் என்று ஒரு வார்த்தை இல்லை. எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தது நடந்தால் வலிக்காதா என்ன?

வெட்டிவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனபோது போனை யாரோ நிமிர்த்தினார்கள். மனைவி. கையில் டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைக்க மறந்துவிட்டாள்போல.

"மொத நாளே கண்டுபிடிச்சிட்டீங்கதான?" என்றாள்.

அவன் திருதிருவென்று விழித்தான்.

"எவ்வளவு பெரிய வண்டியெல்லாம் பார்க்கறவரு. இந்தத் துக்குணூண்டு வண்டிக்கு இத்தனை நாளா? நீங்க வேணும்னே இழுக்கறீங்கன்னு எனக்கு ஸ்விட்ச் கழட்டின அன்னிக்கே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

அவள் டார்ச்சை அணைத்தாள், மறுபடி போட்டாள், மறுபடி அணைத்தாள்.

"தினமும் நீங்க பேசறதக் கேட்டுட்டு உக்காந்திருந்தேன். நீங்க சிரிச்சு எவ்வளவு நாளாச்சு" என்றாள். பிறகு சிரிக்கப் பார்த்தாள், சரியாக வரவில்லை. "அடுத்த தடவ எனக்கும் ஒரு வண்டி வாங்கி அனுப்புங்க. ரிப்பேரானதாப் பார்த்து."

இத்தனை நாளும் தான் ஒருவன்தான் தனியாகக் கிடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் அவன். ஓரத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு கை வலிக்க உட்கார்ந்திருந்தவளை அவன் எண்ணிப் பார்க்கவே இல்லை. மாடியிலிருந்து மோட்டார் சத்தமும் பிள்ளைகளின் சிரிப்பும் லேசாகக் கேட்டன.

"அந்த விரல்ல என்னாச்சு?" என்று கேட்டான்.

"எந்த விரல்?"

"கட்டுப் போட்டிருந்தியே. ஆள்காட்டி விரல்."

அவள் தன் விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"அது ஆறியே போச்சுங்க."

"பரவால்ல" என்றான். "எப்படி ஆச்சுன்னு சொல்லு."

அவள் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு மகள் உட்கார்ந்திருந்த இடத்தில் வந்து உட்கார்ந்து, போனைப் புத்தகங்கள்மேல் சாய்த்துவைத்துவிட்டு, அந்த விரலைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து காட்டினாள்.