படையலில் ஒரு தாரா

“தாரா எண்டெல்லோ எழுதியிருக்கு?” நகுலேஸ்வரி மாமி மெனு அட்டையின் வாத்துப் படத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்தார். “ஆட்டத்திவசத்துக்கு மச்சமோ படைக்கப் போறியள், தம்பி?”

“மச்சமில்லை மாமி. சோயாவிலை செய்யிறது.”

“அப்ப ஏன் தாரா எண்டு எழுதுறாங்கள்?”

ஐந்து வருடங்களுக்கு முன் இதே மேசையில் அனுசனும் அதைத்தான் கேட்டான். சயந்தினியைக் கலியாணம் முடித்து நான்காம் மாதம். அன்று வெள்ளிக்கிழமை; அந்த நாளில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாதவன் அவன். ஒரு துண்டை மென்று விழுங்கிய பிறகுதான் சயந்தினி அதன் பெயரைச் சொன்னாள். அவன் முகம் வெளிறியதைப் பார்த்துச் சிரித்ததில் அவளுக்குத் தேநீர் புரைக்கேறிவிட்டது. அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து வால்தம்ஸ்டோ ரயில் நிலையத்தில் இறங்கினால், இருவரும் வீட்டுக்குப் போகுமுன் இங்கேதான் வருவார்கள்.

வருகிற செவ்வாய் அவளுடைய முதலாவது திவசம். இலையில் இந்தத் தாராவும் இருக்கவேண்டும். அவன் கேட்டது அது ஒன்றைத்தான். சமைப்பதும் படைப்பதும் அவளுடைய அம்மாவான மாமிதான். அவர் சம்மதிக்காமல் இலைக்கு எதுவும் வராது. அதனால்தான் தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரிலுள்ள வீட்டிலிருந்து அவரை இங்கே கூட்டி வந்திருந்தான்.

வாசல் சிலையை மாமி ஓரக்கண்ணால் பார்த்தார். “புத்தற்றை கடையோ?”

“சீனப் புத்தர், மாமி.”

“ஓமோம். இவர் சிரிக்கிறார்.”

சாம்பல் நிறச் சட்டை போட்ட பெண் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். வெங்காயம், வெள்ளைப்பூண்டு போட்டதோ என்று மாமி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விசாரித்தார். இரண்டுமே இங்கே சேர்ப்பதில்லை என்றாள் அவள்.

“நாங்கள் விரதத்துக்கும் வெங்காயம் வெட்டுறம். இவை எங்களைவிடத் திறம்.” மாமி ஒரு வாய் சாப்பிட்டார். “எண்டாலும் கடைச் சாப்பாட்டைப் படைக்கிறேல்லை, தம்பி. கத்தரிக்காய்ப் பால்கறி வைக்கிறன், வடை சுடுறன். அவளுக்கு அது காணும்.”

“ஓம் மாமி.” ஒரு வருடமாக எல்லாருக்கும் அவன் சொல்லிவந்த பதில் அது.

அவன் குனிந்து சாப்பிட்டான். ருசி தெரியவில்லை.

“ஏன் மொறுமொறுப்பை ஒதுக்குறியள்? பிடிக்காதோ?”

அனுசன் தட்டைப் பார்த்தான். தாராவின் பொரித்த தோல் துண்டுகள் நான்கு, ஓரத்தில் வரிசையாகக் கிடந்தன. உரித்து வைத்ததே அவனுக்குத் தெரியாது.

“அது சயந்தினிக்கு,” என்றான். “எப்பவும் அவதான் எடுக்கிறவ.”

மாமி கோப்பியைக் கலக்குவதுபோலத் தேநீரைக் கலக்கினார். அதில் சீனி இல்லை.

“அப்பம் சுட்டாலும் அப்பிடித்தான். கரையைப் பிச்சுத் திண்டுபோட்டு நடுவை என்ரை தட்டிலை போடுவாள், கள்ளி.” கரண்டியைக் கீழே வைத்தார். “செவ்வாய்க்கிழமை எத்தினை மணிக்குத் திறப்பினமாம்?”

“பதினொண்டுக்கு. ஆனா மிச்சத்துக்குக் கொண்டுவாறதுக்கிடையிலை தோல் இளகிப்போகும் மாமி.”

“இளகினதை அவள் தொடவும் மாட்டாள்.” மாமி சற்று யோசித்தார். “அப்ப உங்கட வீட்டிலையே படைப்பம். கறியளை நான் வந்து சமைக்கிறன். எப்ப கடைசியா அடுப்பு மூட்டினனியள்?”

அவன் ஒதுக்கி வைத்த நான்கில் இரண்டை மாமியின் தட்டில் வைத்தான். மாமி ஒன்றைக் கடித்தார். அந்தச் சத்தம் அடுத்த மேசைக்கும் கேட்டிருக்கும்.

“அடுப்பைத் துடைச்சு வையுங்கோ,” என்றார், மென்றபடி.