பாதியில் அறுந்த பதில்

அலுவலகத்தில் அவளுக்குக் கறார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையில் சும்மா இருந்தது. முதலாளிக்குச் சமாளி என்று பெயர். அது அவர் காதுக்கு எட்டவில்லை என்று எல்லோரும் தைரியமாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் செய்த மென்பொருள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஓடியது. எங்கே அவசரப் படுக்கை காலி என்று ஒவ்வொரு மருத்துவமனையின் சர்வரையும் கேட்கும். வருகிற பதிலைப் பிரித்துப் படித்து ஸ்கிரீனில் எண்ணாகக் காட்டும். பிரித்துப் படிக்கிற பகுதிக்குப் பார்சர் என்று பெயர். நிறுவனம் தொடங்கிய புதிதில் அதைச் சமாளியே எழுதினார். பதில் ஒழுங்காக வந்தால் படிக்கும். ஒழுங்காக வராவிட்டாலும் அவரைப் போலவே ஒப்பேற்றிவிடும். எண் கைக்குக் கிடைக்கவில்லையா, பூஜ்யம் என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். ஸ்கிரீன் ஒரு நாளும் தடுமாறியதில்லை என்று அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பூஜ்யத்தை நம்பித்தான் போன வாரம் சிட்டு ஒரு வண்டியைத் திருப்பி அனுப்பினாள்.

சிட்டு கறாருடைய கணவனின் தங்கை. ஒரே வீட்டில் இருந்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வண்டிகளுக்கு வழி சொல்வது அவள் வேலை. நெஞ்சுவலி வந்த ஒருவரை ஏற்றிய வண்டிக்குப் பக்கத்திலேயே ஒரு மருத்துவமனை இருந்தது. அங்கே படுக்கை பூஜ்யம் என்றது ஸ்கிரீன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னாள். பாலத்தைத் தாண்டுவதற்குள் அவர் உயிர் போய்விட்டது. பக்கத்து மருத்துவமனையில் அன்று படுக்கைகள் காலியாகத்தான் கிடந்தன என்பது பிறகு தெரிந்தது.

வாய் ஓயாமல் பேசுகிற பெண் அன்றிலிருந்து வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"போன் கைக்கு எட்டுற தூரத்துல இருந்துச்சு அண்ணி," என்றாள் ஒரு முறை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான்தான் அவரைக் கொன்னேன். இந்த வேலை எனக்கு வேண்டாம்."

அண்ணன்காரன் எவ்வளவோ எடுத்துச் சொன்னான். எதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கறாருக்கு ஆறுதல் சொல்ல வராது. முயன்றால் திட்டுவது போலவே இருக்கும். அதனால் அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். அலுவலகத்துக்குப் போய், யாரையும் கேட்காமல், புதிய பார்சர் கிளாஸ் ஒன்றை, அதாவது அந்தப் படிக்கிற வேலையைத் தனியாகச் செய்யும் நிரல் பகுதியை, எழுத உட்கார்ந்தாள்.

அந்த மருத்துவமனையின் சர்வர் பதிலை மொத்தமாக அனுப்பாது, துண்டு துண்டாக அனுப்பும். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளத்தைச் சொல்லும். இதோடு முடிந்தது என்பதற்குக் கடைசியில் ஓர் அடையாளம் வரும். நடுவில் இணைப்பு அறுந்தால் அந்த அடையாளம் வராது. பழைய பார்சர் அதற்காகக் காத்திருந்ததே இல்லை.

கறார் தன் கிளாஸுக்கு மூன்று நிலைதான் வைத்தாள். இன்னும் வந்துகொண்டிருக்கிறது, முழுதாக வந்துவிட்டது, அறுந்துவிட்டது. முழுதாக வந்த பிறகு கேட்டால்தான் எண்ணைக் கொடுக்கும். மற்றபடி தலைகீழாக நின்றாலும் கொடுக்காது. பிறகு மாதிரிப் பதில்களை ஒவ்வோர் எழுத்தாக ஊட்டினாள். ஒவ்வொரு எழுத்துக்குப் பிறகும் இணைப்பை அறுத்துப் பார்த்தாள்.

ஓரிடத்தில் மாட்டிக்கொண்டாள். நீளமே சொல்லாத சர்வர்களும் உண்டு. அவற்றுக்கு இணைப்பு மூடியதுமே பதில் முடிந்தது என்று அவளும் எடுத்துக்கொண்டிருந்தாள். பேசும்போதே மயங்கி விழுந்தவனைப் பேச்சை முடித்துவிட்டான் என்று சொல்வது போலத்தான். யாரை மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்தாளோ அந்தச் சமாளி செய்ததையே தானும் செய்திருக்கிறாள். தன்மேலேயே கோபம் வந்தது. அந்தப் பகுதியை அடியோடு அழித்துவிட்டு, பதிலுக்குள் இருக்கிற படுக்கைப் பட்டியல் அதன் முடிவுக்குறியோடு ஒழுங்காக மூடியிருந்தால்தான் முழுது என்று மாற்றி எழுதினாள்.

சமாளி பின்னால் வந்து நின்று படித்தார்.

"எல்லாம் சரிம்மா. ஆனா ஸ்கிரீன்ல 'பதில் வரலை'ன்னு எழுதிக் காட்டினா, வாங்கினவங்க என்ன நினைப்பாங்க? சாமானே ஓட்டைன்னு நினைக்க மாட்டாங்களா?"

"ஓட்டைதானே சார்."

"பூஜ்யம்னா அவங்க பாட்டுக்கு வேற இடம் பார்த்துட்டுப் போறாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

கறார் திரும்பி அவரைப் பார்த்தாள். "நாளைக்கு ஒருத்தியக் கூட்டிட்டு வரேன். அவகிட்ட இதையே சொல்லுங்க."

மறுநாள் சிட்டுவைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில், "வரலைன்னா உன் அண்ணன இன்னிக்குச் சமைக்க விட்டுடுவேன்," என்று மிரட்டித்தான் வண்டியில் ஏற்றினாள்.

அலுவலகத்தில் கறாரின் மேசையில் இரண்டு ஸ்கிரீன்கள் இருந்தன. நடந்ததைக் கறார் சொல்லக் கேட்ட சமாளி பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடதில் பழைய பார்சர், வலதில் புதியது. இரண்டுக்கும் ஒரே பதிலை அனுப்பி, நடுவில் இணைப்பை அறுத்தாள். இடதில் பூஜ்யம் வந்தது. வலதில், 'பதில் முழுதாக வரவில்லை, போனில் கேட்கவும்' என்று வந்தது.

சிட்டு குனிந்து பார்த்தாள். "இன்னொரு தடவை செய்ங்க அண்ணி."

செய்தாள். அதேதான் வந்தது.

"அன்னிக்கு வந்த பூஜ்யமும் இதுதானா?"

"இதேதான். பதிவை எடுத்துப் பார்த்துட்டேன். அவங்க சர்வர்ல ஆறு படுக்கைன்னு இருந்துச்சு. சொல்லி முடிக்கறதுக்குள்ள அறுந்துபோச்சு. இங்க அதை இல்லைன்னு காட்டிடுச்சு."

"இந்தப் பக்கம் மாதிரி வந்திருந்தா நான் போன் பண்ணியிருப்பேன்."

"கண்டிப்பாப் பண்ணியிருப்பே. தெரியலைன்னு சொன்னாத்தானேடி கேக்கத் தோணும்."

"அப்ப, நான் கொல்லலையா?"

கறார் வாயைத் திறப்பதற்குள் சமாளி முந்திக்கொண்டார். எதையாவது சொல்லி மழுப்பப்போகிறார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இல்லம்மா," என்றார் அவர். "அந்தப் பூஜ்யத்தைப் போட்டது நான். என் கையால எழுதினது."

சிட்டு அழுதாள். அந்த ஒரு வாரமும் வராத அழுகை மொத்தமாக வந்தது. கறார் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சமாளி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இடது பக்க ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சிட்டு நிமிர்ந்தாள். "அவருக்கு ஒரு பொண்ணு இருக்கு. போன்ல என்கிட்டதான் பேசுச்சு. ஏன் அவ்வளவு தூரம் போகச் சொன்னீங்கன்னு கேட்டுச்சு. என்னால பதில் சொல்ல முடியல. நீங்க வந்து சொல்வீங்களா?"

சமாளி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"சொல்றேன். முதல்ல உங்க அண்ணியப் பழசை எடுத்துட்டு இதை ஏத்தச் சொல்லும்மா. அப்புறம் போலாம்."

கறார் ஏற்கெனவே ஏற்ற ஆரம்பித்திருந்தாள்.