கதிர்காமத்தம்பியின் சராசரி முகம்

தரவு அறிவியல் என்பது, சிதறிக் கிடக்கும் தரவுகளிலிருந்து உண்மையை முறைப்படி பெறும் துறையாகும். துறைமுகக் களஞ்சியத்திலிருந்து ஓய்வுபெற்றபின் இணையவழியே இதனைக் கற்றுச் சான்றிதழும் பெற்றேன். அக்கல்வியின் முதலாவது பயன்பாடு பின்வருமாறு அமைந்தது.

சாம்பல்தீவு வாசிகசாலையின் புதிய கட்டடத்தில், காணி வழங்கியவரின் படத்துக்குச் சுவரில் இடம் ஒதுக்கப்பட்டது. வழங்கியவர் என் மனைவி குணேஸ்வரியின் பூட்டனார் கதிர்காமத்தம்பி. அவர் தமது ஊரில் பிறந்தவர், ஆகையால் பெருமையும் தமக்கே என்பது அயலூரான நிலாவெளியாரின் நிலைப்பாடு. அப்படியொரு பேச்சையே கேட்டதில்லை என்பது குணேஸ்வரி குடும்பத்தாரின் நிலைப்பாடு. அவரது புகைப்படமோ எவரிடமும் இல்லை. திறப்பு விழாவுக்குள் படம் கிடைக்காவிடில் அவ்விடத்தில் நேரம் பார்க்க மணிக்கூடு மாட்டப்படும் என்று தலைவர் இராகுலன் அறிவித்தார்.

"மணிக்கூடு மாட்டவோ என்ர பூட்டன் காணி குடுத்தவர்?" என்ற குணேஸ்வரி அன்று சமைக்கவில்லை.

ஆகவே நான் ஒரு முறையியலை வகுத்தேன். கதிர்காமத்தம்பியின் வழிவந்த வீடுகளுக்குச் சென்று, அங்கிருந்த மீசை முளைத்த ஆண்கள் அனைவரையும் படம்பிடித்தேன். அம்முகங்களின் சராசரியைக் கணினி வரைந்தது. விளைவு கம்பீரமானது.

குழுக்கூட்டத்தில் அதைக் காட்டினேன்.

"அண்ணை, இது நிலாவெளி முகமெல்லோ," என்றார் இராகுலன். "இதை மாட்டினால் அவை வெடி கொளுத்துவினம்."

"மூக்கு என்ர மனிசன்ர," என்றாள் குணேஸ்வரியின் தங்கை லோஜினி.

குணேஸ்வரி படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். "நெத்தி உங்கட. எங்கட வீடுகளில இருக்கிற ஆம்பிளையள் எல்லாம் மாப்பிள்ளையா வந்தவையப்பா. கூடப்பிறந்த ஆம்பிளையள் பெண்சாதி வீட்டில இருக்கினம். பூட்டன்ர இரத்தம் இஞ்ச பொம்பிளையளிலதான் ஓடுது."

மாதிரி எடுத்தலில் வழு நேர்ந்திருந்தது. நானும் நிலாவெளியிலிருந்து வந்த மருமகன் என்பதை இங்கு குறிப்பிடல் தகும்.

பெண்களின் முகங்களைக் கொண்டு மீளக் கணித்தேன். விழாவுக்கு முதல்நாள் திரையில் ஒரு பெண்முகம் தோன்றியது.

"ஒரு மீசையை வைச்சுவிடுங்கோ, ஆருக்கும் விளங்காது," என்றார் இராகுலன்.

"மீசை என்னத்துக்கு?" என்றாள் குணேஸ்வரி. "பூட்டனும் நிலாவெளியில இருந்து வந்த மாப்பிள்ளைதானே."

"அப்ப நிலாவெளியார் சொல்லுறது சரி?" என்றார் இராகுலன்.

"ஓம், ஆள் நிலாவெளி. காணி?"

இராகுலன் தலையைச் சொறிந்தார். "சீதனக் காணி."

"சீதனம் ஆற்ற பேரில எழுதுறது?"

எம்மிடையே சீதனக் காணி பெண்ணின் பெயரிலேயே எழுதப்படும். பெண்முகமே சுவரில் ஏறியது. கதிர்காமத்தம்பியின் மனைவியாரது பெயரை அறிந்தவர் எவரும் இல்லாமையால், கீழே 'காணிச் சொந்தக்காரி' என்று மாத்திரம் பொறிக்கப்பட்டது. முதலாவது படத்தை நிலாவெளியார் மகிழ்வுடன் கேட்டுப் பெற்றுச் சென்றனர்.

திறப்பு விழாவில் லோஜினி தமக்கையின் பக்கம் சாய்ந்தாள். "அக்கா, பூட்டி உன்னைப்போலத்தான் முறைக்கிறா."

"காணியைக் குடுத்துப்போட்டுப் பேரில்லாமல் இருந்தவள் முறைக்கமாட்டாளோ," என்றாள் குணேஸ்வரி.