கொதிக்காத வெள்ளை வண்டி

டாக்குரியா பேட்டையில் எந்தத் தமிழ்க் கல்யாணமானாலும் மாப்பிள்ளை அழைப்புக்குக் கலியனின் கறுப்பு அம்பாசடர்தான். போன மாதம் வரை.

எதிர்வீட்டு பாபுவும் ஒன்று வாங்கிவிட்டான். அதே வயசு வண்டி. ஆனால் பால் வெள்ளை. அடுத்த கல்யாணத்துப் பெண்ணின் அப்பா சிவலிங்கம் அதைத் தடவிப் பார்த்ததும் கலியன் தன் வண்டியைத் துணியால் அழுத்தித் துடைத்தான்.

"இந்தத் தடவை பாபு வண்டிதான்ப்பா. கொதிக்காமப் போச்சுன்னா இனிமே எப்பவும் அதேதான்," என்றார் சிவலிங்கம்.

கொதிக்கும்! கலியனுக்குத் தெரியும். நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊர்ந்தால் வெள்ளை வண்டி ஆவி கக்கும்.

"ரேடியேட்டர் பூரா துருவும் உப்பும், கலியண்ணே," என்று பாபுவே வந்து நின்றான். "எதை ஊத்திக் கழுவறது?"

கலியனுக்குச் சிரிப்பு முட்டியது.

"புளிடா. ரேடியேட்டரும் பித்தளைதானே? கெட்டியாக் கரைச்சு சக்கையோட ஊத்து. சக்கைதான் உள்ள தேய்க்கும்."

உள்ளே இருப்பவை மெல்லிய குழாய்கள். நாலு நார் போதும், அடைத்துக்கொள்ள. அன்று கலியன் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பாபு புளித்தண்ணீரை ஊற்றி எஞ்சினை ஓடவிட்டான். ஆறியதும் ரேடியேட்டர் அடியிலிருந்த திருகைத் திறந்தான். செங்கல் நிறத்தில் கொட்டியது. தெளிந்த தண்ணீர் வரும்வரை மாற்றி மாற்றிக் கழுவி, எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலன்ட் ஊற்றி மூடினான்.

ஊர்வலத்தன்று கலியன் வெள்ளை பானெட்டை ஒட்டியே நடந்தான். ஏரிக்கரைப் பக்கம் திரும்பினார்கள். ஆவி இல்லை. மேளக்காரர்கள் நின்று வாசித்தார்கள். ஆவி இல்லை. நைசாக உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். இளஞ்சூடு. அவனுடைய கறுப்பு வண்டி எந்த ஊர்வலத்திலும் இப்படிக் குளிர்ந்து வந்ததில்லை!

"சக்கையோடதானே ஊத்தினீங்க?" பாபுவின் மனைவி பூர்ணிமாவிடம் மெல்லக் கேட்டான்.

"அய்ய! ரசத்துக்கே சக்கை விடமாட்டேன் நான். வேட்டித் துணியில ரெண்டு தடவை வடிகட்டித்தான் குடுத்தேன், அண்ணா."

மண்டப வாசலில் பாபு கத்தினான்: "எல்லாம் கலியண்ணன் சொன்ன வைத்தியம்!"

சிவலிங்கம் கலியனின் முதுகில் தட்டினார். "பெரிய மனசுய்யா உனக்கு! அடுத்தவன் வண்டிக்கு யார் சொல்லித் தருவா?"

கலியன் பல்லைக் காட்டினான். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவியைக் கூப்பிட்டான்.

"சாவித்திரி, புளி எவ்வளவு இருக்கு?"

"இந்நேரத்துல ரசமா?"

"வண்டிக்குடி. நிறைய ஊறப் போடு." கறுப்பு வண்டியை ஜன்னல் வழியாக முறைத்தான். "வடிகட்டிக் குடு. மூணு தடவை!"