பாடுபடுவது யார்?

கல்வியியல் கல்லூரியின் ஐந்தாண்டுத் திட்டம் அன்று மாலைக்குள் பல்கலைக்கழகத்திற்குச் சென்றாக வேண்டும். ஆதலால், எவரும் நழுவிவிடாதபடி கூட்ட அறையின் கதவை முதல்வரே தாழிட்டார். திரையில் இலக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. தரம் உயர்த்தப்படும். ஆராய்ச்சி ஊக்குவிக்கப்படும். கற்பித்தல் பயிற்சி கண்காணிக்கப்படும்.

அந்த மூன்றாம் வரியை விட்டுப் பயிற்சிப் பொறுப்பாளரான விரிவுரையாளர் கண்ணை எடுக்கவில்லை. சென்ற பருவத்தில் அவருடைய மாணவி ஒருத்தி, பயிற்சிக்குச் சென்ற பள்ளியில் தன்னந்தனியே தத்தளித்தாள். கல்லூரியிலிருந்து ஒரு தலையும் எட்டிப் பார்க்கவில்லை. இறுதியில் அவள் படிப்புக்கே முழுக்குப் போட்டாள். பழைய திட்டத்திலும் "கண்காணிக்கப்படும்" என்றுதான் இருந்தது. இந்த வரி இப்படியே போனால், இன்னும் ஐந்தாண்டுக்கு அதே கதைதான்.

"சார், அந்த வரியில எழுவாய் இல்ல" என்றார் அவர்.

புள்ளியியல் பேராசிரியர் சிரித்தார். எதற்கெடுத்தாலும் சராசரி கணக்கிடுவதால் கல்லூரி அவருக்கு இட்ட பெயரே "சராசரி" என்பதாகும்.

"வாம்மா தங்கச்சி! இது திட்டக் கூட்டமா, இலக்கண வகுப்பா?"

"அண்ணே, நம்ம பசங்க பாடத்திட்டத்துல 'பாடம் புரிந்துகொள்ளப்படும்'னு எழுதினா என்ன பண்ணுவீங்க?"

"சிவப்புல அடிப்பேன். யாருக்குப் புரியணும், புரிஞ்சத எப்படிப் பார்ப்பேன்னு கேப்பேன்."

"நானும் அதத்தான் கேக்குறேன். வரிக்கு வரி படும், படும்னா பாடுபடறது யாரு?"

எழுந்த சிரிப்பு, முதல்வரின் முகத்தைக் கண்டதும் அடங்கிற்று.

"எழுவாய் போட்டா ஆள் போகணும்மா. போகலன்னா மேலிடம் என் கழுத்தப் பிடிக்கும். நேரத்துக்கு எங்க போறது?"

"முதல்ல என் நேரத்த எடுத்துக்குங்க."

"அத ஆராய்ச்சி மையத்துக்கு ஒதுக்கியாச்சே! அந்தத் தலைமைப் பதவிக்கு நடையா நடந்தது நீங்கதானே?"

அது உண்மை. அப்பதவிக்குரிய அறையில் மேசையை எந்தச் சன்னலோரம் போடுவது என்பதுவரை அவர் மனக்கோட்டை கட்டியிருந்தார். ஆயினும் குரல் பிசகவில்லை.

"அத வேற யாருக்காவது கொடுத்துடுங்க. நான் பள்ளிக்கூடம் போறேன். ஆனா நான் ஒருத்தி போனா பத்தாது, சார்."

முதல்வர் திரையிலிருந்த மூன்றாம் வரியை மீண்டும் ஒருமுறை படித்தார். பின்னர், "சொல்லுங்க, எப்படி எழுதணும்?" என்றார்.

விரிவுரையாளர் எழுந்து, கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருந்த எழுத்தரின் அருகே சென்று நின்றார். "அடி தம்பி. ஒவ்வொரு விரிவுரையாளரும் தம் மாணவர் பாடம் நடத்தும் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து கவனிப்பார்."

"விரிவுரையாளர்னா பேராசிரியர் அதுல வரமாட்டார்ல?" என்று சராசரி மெல்ல நழுவப் பார்த்தார்.

"பேராசிரியரையும் சேர்த்துக்கோ" என்ற முதல்வர், சற்றுத் தயங்கி, "முதல்வரையும்" என்றார்.

எழுத்தர் அடித்தார், அழித்தார், மீண்டும் அடித்தார்.

"மன்னிச்சுக்கோங்கக்கா, விரல் தானா 'கவனிக்கப்படும்'னே போகுது."

"விரலப் பிடிச்சு இழு."

சராசரி தம் முழங்காலைத் தடவிக்கொண்டார். "பசங்க பெஞ்சுல என் காலு நுழையாதேம்மா."

"மடக்கிக்குங்கண்ணே. திங்கட்கிழமை காலையில மொத வகுப்பு உங்களுக்குத்தான்."